அட்டையில் விற்கத் தொடங்கும் கைவினைஞருக்கு

வண்ணம் தீட்டிய அகல் விளக்குகளும் பாசிமணி நகைகளும் செய்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் விற்பது என் தொழில். ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களானாலும், சனிக்கிழமைகளில் டர்பன் எசன்வுட் சந்தையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களானாலும், பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தபின் கேட்கும் முதல் கேள்வி இப்போதெல்லாம் ஒன்றுதான்: அட்டை வாங்குவீர்களா, அதாவது வங்கி அட்டையில் பணம் செலுத்தலாமா? இல்லை என்று சொன்னால், பணம் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போகிறவர்களில் திரும்பி வருகிறவர் மிகச் சிலர். ஆகவே அட்டை வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் காலம் கைவினைஞருக்கும் கடந்துவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் அட்டையைப் படிக்கும் எந்தக் கருவி மலிவு என்பதே. அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கருவியின் திரையில் 'ஏற்கப்பட்டது' என்று வந்த மாத்திரத்தில் அந்தப் பணம் உங்களுடையதாகிவிடுவதில்லை. அது ஒரு வாக்குறுதி; பல மாதங்கள் வரை திரும்பப் பெறப்படக்கூடிய வாக்குறுதி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சேவையைத் தேர்ந்தெடுப்பவருக்கும் ரசீதுகளைப் பாதுகாப்பவருக்கும் அட்டை வியாபாரத்தில் பெரிய தொல்லை வருவதில்லை.

பணம் எந்த வழியாக வருகிறது

அந்தக் காலத்துக் கடைக்காரர் தெரிந்த குடும்பத்துக்குப் பொருளைக் கொடுத்துவிட்டு நோட்டில் பற்று எழுதிக்கொள்வார். மாதக் கடைசியில் வசூலிப்பது அவர் பாடு. கடன் அட்டையில் அந்தப் பற்றை வாடிக்கையாளரின் வங்கி எழுதிக்கொள்கிறது. வாங்குபவர் அட்டையைத் தொட்டவுடன், கருவி உங்கள் பக்கத்து வங்கியையும், அது விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்பு வழியாக அட்டை கொடுத்த வங்கியையும் கேட்கிறது. அந்த வங்கி சம்மதம் சொன்னால் திரையில் ஒப்புதல் வருகிறது. பணம் உண்மையில் கை மாறுவது அதற்குப் பிறகு, வழக்கமாக அடுத்த ஓரிரு வேலை நாட்களில்தான். வெள்ளிக்கிழமை மாலையும் சனிக்கிழமையும் விற்றது செவ்வாய்க்கிழமைதான் கணக்கில் ஏறும் என்று திட்டமிட்டுக்கொண்டால், திங்கட்கிழமை களிமண் வாங்கப் போய் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியிருக்காது. புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் விடுமுறையானதால், கோயில் திருவிழா விற்பனை இன்னும் தாமதமாகவே வந்து சேரும்.

வங்கியா, சேவை நிறுவனமா

தென்னாப்பிரிக்காவில் அட்டை வாங்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வங்கியோடு நேராக வணிகர் ஒப்பந்தம் செய்துகொண்டு அதன் கருவியை மாத வாடகைக்கு எடுப்பது. மற்றொன்று, யோகோ, ஐகோகா போன்ற சேவை நிறுவனங்களின் சிறிய கருவியை விலைக்கு வாங்கி, விற்ற தொகையில் ஒரு விழுக்காட்டை மட்டும் கட்டணமாகக் கொடுப்பது. ஐகோகா நம் டர்பனில் பிறந்த நிறுவனம்; சுலு மொழியில் 'கோகா' என்றால் பணம் செலுத்துவது என்று பொருள். இணையக் கடைக்கு மட்டும் வேண்டுமானால் பேஃபாஸ்ட் போன்ற கட்டண நுழைவாயில்கள் உள்ளன.

இரண்டாம் வழியில் நீங்கள் தனி வணிகராக வங்கியின் முன் நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளை ஒரே குடையின் கீழ் சேர்த்து, வங்கிக்கு அந்த நிறுவனமே பொறுப்பேற்கிறது. அதனால்தான் கணக்கு விரைவில் திறக்கிறது. அதே காரணத்தால்தான், வழக்கத்துக்கு மாறான ஒரு விற்பனையைக் கண்டதும் அந்த நிறுவனம் பணத்தை நிறுத்தி வைக்கவும் செய்கிறது. இருநூறு, முந்நூறு ராண்ட் என்று விற்றுக்கொண்டிருந்தவரின் கருவியில் திடீரென்று 18,000 ராண்ட் வந்தால் அவர்களுடைய கணினி சந்தேகப்படும். ஒரு திருமண வீட்டாருக்கு விளக்குகள் செய்து கொடுத்தபோது எனக்கு இது நேர்ந்தது. பணம் ஒன்பது நாட்கள் நின்றுவிட்டது; விலைப்பட்டியலையும் ஆர்டர் கடிதத்தையும் அனுப்பிய பிறகே விடுவித்தார்கள். அதிலிருந்து பெரிய ஆர்டர் வருமுன்பே சேவை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, இன்ன தேதியில் இன்ன தொகை வரும் என்று தெரிவித்துவிடுகிறேன்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது

விளம்பரத்தில் தெரியும் விழுக்காடு முழுக் கட்டணம் அன்று. பெரும்பாலான அறிவிப்புகளில் அது மதிப்புக் கூட்டு வரி சேராத தொகை. அந்த வரி 2018 ஏப்ரல் முதல் 15 விழுக்காடாக உள்ளது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 400 ராண்டுக்கு ஒரு விளக்கை விற்றால் கட்டணம் 12 ராண்ட், அதன் மேல் வரி 1.80 ராண்ட், உங்கள் கைக்கு வருவது 386.20 ராண்ட். மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்யாத சிறு வியாபாரி அந்த 1.80 ராண்டைத் திரும்பக் கோர இயலாது. ஆகவே அவருக்கு உண்மையான விழுக்காடு 3 அன்று, 3.45.

இணைய விற்பனையில் விழுக்காட்டோடு ஒரு நிலையான தொகையும் சேர்வது உண்டு. சிறு பொருள் விற்பவரை அடிப்பது அதுதான். ஒவ்வொரு விற்பனைக்கும் 3 விழுக்காடும் 2 ராண்டும் என்றால், 40 ராண்ட் காதணிக்குக் கட்டணம் 3.20, வரியோடு 3.68 ராண்ட், அதாவது விலையில் 9 விழுக்காட்டுக்கும் மேல். நூல், கொக்கி, அட்டைப்பெட்டி எல்லாம் போக அந்தக் காதணியில் நிற்கும் லாபமே சில ராண்ட்தான். இணையத்தில் காதணியைத் தனியாக விற்காமல் மூன்றை ஒரு கட்டாகச் சேர்த்து விற்கத் தொடங்கியதற்கு என் பக்கத்துக் காரணம் அழகுணர்ச்சி அன்று, இந்தக் கணக்கு.

வாடகைக் கருவியா சொந்தக் கருவியா என்பதையும் இப்படியே தாளில் போட்டுப் பாருங்கள். வங்கி மாதம் 300 ராண்ட் வாடகையும் 2 விழுக்காடும் கேட்கிறது, சேவை நிறுவனம் வாடகையின்றி 3 விழுக்காடு கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், வித்தியாசமான அந்த ஒரு விழுக்காடு 300 ராண்டுக்குச் சமமாக, மாதம் 30,000 ராண்டுக்கு அட்டையில் விற்க வேண்டும். அதற்கு மேல் விற்றால்தான் வாடகைக் கருவி லாபம். நம்முடைய வியாபாரமோ பருவத்தைப் பொறுத்தது: தைப்பூசக் காவடி, ஈஸ்டர், தீபாவளி ஆகியவற்றையொட்டி விற்கும், ஜூன், ஜூலையில் ஈ ஓட்டும். நல்ல மாதத்தை மட்டும் பார்த்துவிட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். ஆண்டு முழுவதற்கும் 3,60,000 ராண்ட் அட்டை விற்பனை உண்டா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். எத்தனை மாதம் கட்டாயம், இடையில் விலகினால் தண்டம் எவ்வளவு, குறைந்தபட்ச மாதக் கட்டணம் உண்டா, சார்ஜ்பேக் (வாங்கியவர் முறையிட்டு வங்கி பணத்தைத் திரும்பப் பிடிப்பது) ஒன்றுக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பனையாளர் வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் இருக்காது.

கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காட்டியிருக்கும் விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. அட்டை என்றால் பத்து ராண்ட் கூடுதல் என்று மேசையருகே நின்று சொல்வதைவிட, எல்லாப் பொருளின் விலையிலும் முன்கூட்டியே கட்டணத்தைச் சேர்த்து எழுதிவிடுவதே மரியாதையான வழி.

கணக்குத் திறத்தல்

இது பயந்த அளவுக்குக் கடினமன்று. பணமோசடியைத் தடுக்க 2001இல் இயற்றப்பட்ட ஃபிக்கா சட்டத்தின்படி அடையாள ஆவணம், முகவரிச் சான்று, வங்கிக் கணக்கை உறுதிப்படுத்தும் கடிதம் ஆகியவற்றைக் கேட்பார்கள். முகவரிச் சான்று மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். மின்சாரக் கணக்கு மாமியார் பெயரிலோ தகப்பனார் பெயரிலோ இருக்கும் கூட்டுக் குடும்பங்களில் இங்கேதான் தடங்கல் வரும். அப்படியானால் கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவர் எழுதித் தரும் உறுதிமொழியை ஏற்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தனி நபராக வியாபாரம் செய்பவருக்குக் கம்பெனிப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் வீட்டுச் செலவும் வியாபாரமும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்தால் ஆறு மாதத்தில் எது எது என்று உங்களுக்கே தெரியாது. தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் பலர் கவனியாமல் நிரப்பும் இடம் ஒன்று உண்டு: வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கறிக்கையில் தெரியும் பெயர். உங்கள் மேசையில் ஒரு பெயர்ப் பலகை, அறிக்கையில் உங்கள் முழுச் சட்டப் பெயர் என்றிருந்தால், மாதக் கடைசியில் அதைப் பார்ப்பவருக்கு யார் என்று தெரியாது. திருட்டு என்று வங்கிக்குத் தொலைபேசி செய்துவிடுவார். பலகையிலும் பையிலும் ரசீதிலும் உள்ள அதே பெயரையே அங்கும் எழுதுங்கள்.

சந்தை நாளில்

முதல் நாள் இரவே கருவியையும் கைப்பேசியையும் முழுக்க மின்னேற்றிவிடுங்கள். சந்தை நடத்துபவரின் வைஃபையை நம்பாமல், கருவிக்குச் சொந்த சிம் இருப்பது நல்லது. மின்வெட்டு நீண்டால் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து இணைப்பு போய்விடும். அப்போது சில கருவிகள் இணைப்பின்றியே விற்பனையைப் பதிந்துகொள்ளும். ஆனால் பிறகு வங்கி மறுத்தால் நட்டம் உங்களுடையது. சிறிய தொகைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

பற்று அட்டையானால் 'செக்' கணக்கா, சேமிப்புக் கணக்கா என்று கருவி கேட்கலாம். இந்நாட்டில் காசோலைகள் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஒழிந்தன. பெயர் மட்டும் கருவியில் உயிரோடு இருக்கிறது. கடன் அட்டையானால் நேரடியா, 'பட்ஜெட்'டா என்ற கேள்வி வரும். வாங்குபவர் தம் வங்கிக்குத் தவணையாகக் கட்டுவதற்கான வசதி அது. உங்களுக்கு முழுத் தொகையும் வழக்கம்போல ஒரே தடவையில் வந்துவிடும் என்பதால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

ரகசிய எண்ணை வாங்குபவரே அழுத்த வேண்டும். கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பொருளைக் கட்டிக் கொடுக்குமுன் ஒப்புதல் வந்ததை உங்கள் திரையில் பாருங்கள். அவருடைய கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியைப் பார்த்து நம்ப வேண்டாம். வங்கிப் பரிமாற்றத்துக்கும் இதே விதிதான். பணம் அனுப்பிய சான்று என்று வாட்ஸப்பில் காட்டும் தாளை யாரும் திருத்திவிடலாம். உங்கள் கணக்கில் ஏறினால்தான் அது பணம். 2023 மார்ச்சில் தொடங்கிய பேஷாப் என்னும் உடனடி வங்கிப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பினால் உடனே ஏறிவிடும் என்பதால், அட்டை இல்லாதவரிடம் நான் அதையே கேட்கிறேன்.

தொலைவிலிருந்து வரும் ஆர்டர்

அட்டையும் ஆளும் எதிரில் இல்லாத விற்பனையில்தான் ஆபத்து மிகுதி. தொலைபேசியில் அட்டை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும், அட்டையின் படத்தை வாட்ஸப்பில் வாங்குவதும் கூடவே கூடாது. அட்டை நிறுவனங்கள் 2006இல் அமைத்த பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளின்படி, அட்டையின் பின்புறத்து மூன்றிலக்கப் பாதுகாப்பு எண்ணை ஒப்புதலுக்குப் பிறகு எந்த வடிவிலும் வைத்திருக்கலாகாது. படம் உங்கள் கைப்பேசியில் இருந்து, கைப்பேசி பேருந்தில் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்குப் பதிலாகச் சேவை நிறுவனத்தின் செயலியிலிருந்து கட்டண இணைப்பை அனுப்புங்கள். வாங்குபவர் அந்நிறுவனத்தின் பக்கத்தில் எண்ணை இடுவார். அவருடைய வங்கி ஒரு சரிபார்ப்பும் செய்யும். 3டி செக்யூர் என்னும் அந்தச் சரிபார்ப்பு நடந்துவிட்டால், பிறகு அட்டை திருடப்பட்டது என்று வழக்கு வந்தாலும் நட்டம் பெரும்பாலும் அட்டை கொடுத்த வங்கியைச் சேரும், உங்களைச் சேராது.

கைவினைஞர்களையே குறிவைக்கும் ஒரு மோசடி உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதுவார். விலை கேட்கமாட்டார், மாதிரி கேட்கமாட்டார், அறுபது விளக்குகள் உடனே வேண்டும் என்பார். தம்முடைய கூரியர்காரர் அட்டை வாங்குவதில்லை என்றும், ஆகவே தம் அட்டையில் கூடுதலாகப் 12,000 ராண்ட் எடுத்துக்கொண்டு அதை நீங்கள் கூரியர்காரருக்கு வங்கி வழியே அனுப்ப வேண்டும் என்றும் கேட்பார். அட்டை திருட்டு அட்டை. கூரியர்காரரும் அவரும் ஒருவரே. இரண்டு மாதத்தில் அட்டைக்கு உரியவர் புகார் செய்யும்போது விளக்கும் போயிருக்கும், 12,000 ராண்டும் போயிருக்கும், முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டியும் வரும். எனக்கு இப்படி மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. முதலாவதை நம்பி, பெட்டிகள் வரை வாங்கி வைத்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் பொருளுக்குரிய விலையைத் தவிர ஒரு சதமும் அட்டையில் எடுக்கமாட்டேன் என்று ஒரு வரி எழுதினால் அவர்கள் மறுபடி எழுதுவதில்லை.

நேர்மையான வாடிக்கையாளருக்கும் இணைய விற்பனையில் சட்டப்படி ஓர் உரிமை உண்டு. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புகள் மற்றும் பரிவர்த்தனைகள் சட்டம், பொருள் கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விற்பனையை ரத்து செய்ய அனுமதிக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டுமே வாங்கியவருடையது. அவர் சொன்ன அளவுக்கோ பெயர் பொறித்தோ தனியாகச் செய்து கொடுத்த பொருளுக்கு இது பொருந்தாது. எனவே ஆர்டர் வாங்கும்போதே, இது உங்களுக்கென்று தனியாகச் செய்யப்படுவது, ரத்து செய்ய இயலாது என்று எழுத்தில் தெரிவித்து, சரி என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ்பேக் வந்தால்

வாங்கியவர் தம் வங்கியிடம் முறையிட்டு, வங்கி உங்களிடமிருந்து பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வதே சார்ஜ்பேக். பல வகைப் புகார்களுக்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகள் 120 நாட்கள் அவகாசம் தருகின்றன. தீபாவளிக்கு விற்ற விளக்குக்குத் தைப்பூசம் கழிந்து புகார் வரலாம். பொருள் வரவில்லை, சொன்னபடி இல்லை, இரண்டு தடவை எடுக்கப்பட்டது, வாங்கியது நானே இல்லை என்பவை வழக்கமான காரணங்கள்.

அறிவிப்பு வந்தவுடன் கோபத்தில் வாடிக்கையாளருக்கு எழுதாதீர்கள். அதில் எழுதியிருக்கும் காரணத்தை முதலில் படியுங்கள், ஏனென்றால் சான்று அந்தக் காரணத்துக்கு நேர் பதிலாக இருக்க வேண்டும். பொருள் வரவில்லை என்பவருக்குப் பொருளின் தரத்தைப் பற்றிய பக்கம் பக்கமான விளக்கம் பயன்படாது. கூரியர் கண்காணிப்பு எண்ணும், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும், முகவரி அவரே கொடுத்தது என்று காட்டும் செய்தியும் வேண்டும். சொன்னபடி இல்லை என்பவருக்கு, விற்கும்போது நீங்கள் காட்டிய படமும் அனுப்புமுன் எடுத்த படமும் பதிலாகும். கையால் செய்யும் பொருளில் நிறமும் வடிவமும் சிறிது மாறுபடும் என்ற வரியை விற்பனைப் பக்கத்தில் முன்பே எழுதி வைத்திருப்பது இங்கே உதவும். பதிலளிக்கச் சில நாட்களே தருவார்கள். தவறவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பணம் போய்விடும். அதனால் சேவை நிறுவனத்துக்குக் கொடுத்த மின்னஞ்சலைத் தினமும் பார்ப்பது கட்டாயம்.

புகார் நியாயமானது என்று தோன்றினால் வங்கிக்குப் போகுமுன்பே பணத்தைத் திருப்பிவிடுவதுதான் மலிவு. அதை எந்த அட்டையில் வாங்கினீர்களோ அந்த அட்டைக்கே, கருவி வழியாகவே திருப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் திருப்பியதற்குச் சான்றில்லை. ஆனால் சார்ஜ்பேக் தொடங்கிவிட்ட பிறகு நல்லெண்ணத்தில் நீங்களும் தனியே பணம் திருப்பினால், ஒரே விளக்குக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தவராவீர்கள். தொடங்கிவிட்டதென்றால் புகாரை ஏற்றுக்கொள்வதாகச் சேவை நிறுவனத்துக்கு எழுதுவது போதும்.

மாதக் கணக்கும் விலகலும்

கணக்கில் ஏறிய தொகையை வருமானம் என்று எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. 400 ராண்டுக்கு விற்று 386.20 வந்தால், வருமானம் 400, 13.80 என்பது செலவு. மாதம் ஒருமுறை சேவை நிறுவனத்தின் அறிக்கையையும் வங்கி அறிக்கையையும் உங்கள் விற்பனை நோட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். வரித் துறைக்காக இந்தத் தாள்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஓராண்டில் வெளுத்துவிடும் என்பதால் அதைப் படமெடுத்துச் சேமித்துவிடுங்கள்.

வேறு சேவைக்கு மாற முடிவு செய்தால், புதியதில் ஒரு விற்பனை செய்து பணம் கணக்குக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே பழையதை எழுத்தில் ரத்து செய்யுங்கள். வாடகைக் கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் தொடர் எண் எழுதிய ரசீது வாங்குங்கள், இல்லையேல் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பழைய விற்பனைகளுக்கு 120 நாட்கள் வரை சார்ஜ்பேக் வரலாம் என்பதால், பழைய சேவையோடு இணைத்திருந்த வங்கிக் கணக்கை உடனே மூடாமல், சிறிது பணத்தோடு நான்கைந்து மாதங்கள் விட்டுவைக்க வேண்டும்.